நடுக் கட்டத்தில் வெள்ளைத் தாமரை

எடிசன்
2-4-2009, வியாழன்

ஸ்வர்ணாவுக்கு அக்கா காமாக்ஷி ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

அன்றைக்கு ஹாலில் இருந்தவர்கள்: உன் அத்திம்பேர், நான், நீ, என் நாட்டுப்பெண் பூர்ணிமா, பேத்தி மானஸா, பக்கத்து வீட்டு ஷம்சாத். என் பிள்ளை சிவராமகிருஷ்ணன் இல்லை. அவன் வெளியே கார்மேல் உறைந்து கிடந்த ஐஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஆக ஆறு பேர். தை மூன்றாம் வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்றே கால்.

நாலு மணிக்குள் டாக்டர் ஆபீசுக்குச் சொல்ல வேண்டும், உன் அத்திம்பேருக்கு ஆபரேஷன் உண்டா இல்லையா என்று. இதயத்தில் வால்வை மாற்றினால் பத்தில் எட்டுப் பேர் பிழைப்பார்கள், மாற்றாவிட்டால் சில மாதம்தான் என்றார்கள். நான் பண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் வேண்டாம் என்றார். மூன்று நாள் சண்டை. பூக்கட்டிப் பார்க்கலாம் என்று வியாழக்கிழமை நான்தான் சொன்னேன். மறுநாள் பார்த்தால் எடிசன் ரோடெல்லாம் ஐஸ். கோயிலுக்குப் போக வழியில்லை, வீட்டில் ஒரு இதழ் பூ கிடையாது. அப்போது அவர் டைனிங் டேபிளில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். சிவா வேலைக்காக வைத்திருந்த லக்ஷ்மி கேம், அமுக்கினால் கட்டங்களில் படங்கள் சுற்றி நிற்குமே, அது.

"இதோ மகாலக்ஷ்மி. வெள்ளைத் தாமரை இருக்கு, சிவப்புத் தாமரை இருக்கு. குழந்தை அமுக்கட்டும். நடுக் கட்டத்துல எது முதல்ல வரதோ அதான் உத்தரவு. வெள்ளை வந்தா ஆபரேஷன் வேண்டாம். சிவப்பு வந்தா திங்கட்கிழமையே போய்ப் படுத்துக்கறேன்."

படமாச்சே என்றேன். "காலண்டர்ல இருக்கறது மட்டும் என்னவாம், அதுக்குத்தானே தினம் குங்குமம் வெக்கறே" என்றார். ஷம்சாத் சேமியா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "மாமி, இது சூதாட்ற மிஷினாச்சே, இதுலயா சாமி கேப்பாங்க?" என்றாள்.

வெள்ளை வந்தது. அம்பாள் ஆபரேஷன் வேண்டாம் என்றால் தானாகக் குணமாகும் என்று நினைத்தேன். மார்ச் ஒன்பதாம் தேதி போய்விட்டார். அவள் சொன்னதற்கு அர்த்தம் வேறு போலிருக்கிறது. அவள் வார்த்தை என்று பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். குழந்தை விரலைத் தூக்கினபோது நீ எழுந்து சமையலறைக்குப் போனாய். தாகம் என்றாய். உன் முன்னால் டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது. ஏன் போனாய்?

போனில் கேட்டால் ஹாலில் எல்லார் காதிலும் விழும். அதனால் எழுதுகிறேன். முழங்கால் தவிர எனக்கு ஒன்றுமில்லை. உன் சர்க்கரை எவ்வளவு என்று எழுது.

காமாக்ஷி

•

சுகர் லேண்ட்
15-4-2009

அக்காவுக்கு ஸ்வர்ணாவின் நமஸ்காரம்.

உன் கடிதம் கிடைத்தது. என் சர்க்கரை நூற்றெழுபதில் நிற்கிறது. இங்கே இப்போதே வெயில் ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளைக்கு ஃப்ரீவேயில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. என் பெண் வருஷப் பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடி வைத்தாள். வேப்பம்பூ கிடைக்கவில்லை. இந்த வருஷத்துக்கு அது இல்லாமலே கசப்பு போதும் என்று சொல்லிக்கொண்டேன்.

நீ கேட்டதற்கு: தாகமாகத்தான் இருந்திருக்கும். எனக்கு உன்னைப் போல ஞாபகம் கிடையாது. நடந்தது நடந்துவிட்டது அக்கா. வேளைக்குச் சாப்பிடு. முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடு பண்ணித் தேய்த்துக்கொள்.

உன் தங்கை
ஸ்வர்ணா

•

எடிசன்
26-4-2009

ஸ்வர்ணாவுக்கு ஆசீர்வாதம். தைலம் வந்தது. மூடி சரியாக இல்லை, பாதி பெட்டியில்தான் இருக்கிறது.

உனக்கு ஞாபகம் கிடையாது என்பது எனக்குப் புதிசில்லை. என் கெம்புத் தோட்டைக் கிணற்றில் போட்டது நீ என்று உனக்கு ஞாபகம் வருவதற்குள் எனக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தை பிறந்துவிட்டது. அப்பாவிடம் அடி வாங்கியது நான். போகட்டும். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பவள் நான், ஒரு எழுத்தையும் தாண்டிப் போக மாட்டேன். அதில் அம்பாள் என்ற வார்த்தையே இல்லை.

சரி, வேறு விஷயம். நவம்பரில் சிவாவுக்கு வேலை போனது உனக்குத் தெரியும். இப்போது வெளிதேசத்துக் கம்பெனி ஒன்று அவனுக்குப் புதுப்புது கேம் அனுப்புகிறது. எல்லாம் சக்கரம் சுற்றிச் சூதாடுகிற கேம். இவன் காசு கட்டாமல் ஆடிப் பார்த்து, இது விளையாட லாயக்கா இல்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். லக்ஷ்மி கேமுக்கு இன்னும் எழுதவில்லை. அப்பா போனதிலிருந்து அதைத் திறக்கவே மாட்டேன் என்கிறான். உன் அத்திம்பேர்தான் அவனுக்கு உதவியாக உட்கார்ந்து எது எத்தனை தடவை வருகிறது என்று கோடு போட்டுக்கொண்டிருப்பார். சென்சஸ் ஆபீசில் முப்பது வருஷம் ஊரை எண்ணின கை, சும்மா இருக்காது.

சிவா திறக்கவில்லை, நான் திறக்கிறேன். மானஸா ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எனக்குப் போட்டுக் கொடுக்கிறாள். நடுக் கட்டத்தில் வெள்ளை வந்தால் ஆமாம், சிவப்பு வந்தால் இல்லை என்று வைத்துக்கொண்டு கேட்கிறேன். நல்ல இடத்தில் இருக்கிறாரா என்று கேட்டேன். வெள்ளை. மூச்சு முட்டாமல் இருக்கிறாரா. வெள்ளை. என்னை நினைக்கிறாரா என்று கேட்டேன். வெள்ளைதான் வந்தது. மானஸா "பாட்டி, ஒயிட் அகைன்" என்றாள். குழந்தைக்குத் தெரியாமல் அழுதேன். ஆனால் அது நல்ல அழுகை ஸ்வர்ணா. கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால்கூட எனக்கு இப்படிப் பேச்சு நடந்ததில்லை.

காமாக்ஷி

•

சுகர் லேண்ட்
9-5-2009

அக்காவுக்கு நமஸ்காரம்.

உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த கேமைத் தொடாதே. அது பொம்மை. கம்பெனிக்காரன் பண்ணின பொம்மை. அது யாருக்கும் ஒன்றும் சொல்லாது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் சிவாவை பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லு. இல்லையென்றால் இங்கே வா, ஒரு மாதம் என்னோடு இரு. என் பெண் டிக்கெட் போடுகிறேன் என்கிறாள்.

குழந்தையையும் அதில் இழுக்காதே. இதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஸ்வர்ணா

•

எடிசன்
18-5-2009

ஸ்வர்ணாவுக்கு ஆசீர்வாதம்.

பொம்மை என்று ஜனவரி முப்பதாம் தேதி சொல்லியிருக்கலாமே. ஷம்சாத்துக்குச் சொல்ல வாய் இருந்தது. அவள் வேற்று மனுஷி, வேற்று மதம். நீ என் கூடப்பிறந்தவள், வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றாய்.

நான் வரவில்லை. நான் அங்கே வந்துவிட்டால் அவரோடு யார் பேசுவார்கள்?

இத்தனை நாள் கேட்கத் தைரியம் வராத ஒன்றை வெள்ளிக்கிழமை கேட்டேன். ஆபரேஷன் பண்ணியிருந்தால் பிழைத்திருப்பாரா. இது கனமான கேள்வி. அதனால் அன்றைக்கு அவர் வைத்த மாதிரியே வைத்தேன். சிவப்பு என்றால் பிழைத்திருப்பார், வெள்ளை என்றால் பண்ணியிருந்தாலும் போயிருப்பார். முதலில் யானை வந்தது, அப்புறம் பானை, அப்புறம் சங்கு. மூன்று தடவை அமுக்கியும் பூவே வரவில்லை. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நாலாவது தடவை வெள்ளை.

பிழைத்திருக்க மாட்டாராம். அப்படியானால் நான் தப்பு ஒன்றும் பண்ணவில்லை. பூக்கட்டிப் பார்க்கலாம் என்று நான் வாயெடுத்ததால் அவர் போகவில்லை. அன்றைக்கு மோர்சாதம் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பூர்ணிமா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

உன் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று எழுது.

காமாக்ஷி

•

எடிசன்
21-6-2009

ஸ்வர்ணா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து பதில் இல்லை. போனில் பேசும்போது ஊறுகாயைப் பற்றிப் பேசுகிறாய்.

வெள்ளிக்கிழமை சிவா ஏதோ இன்டர்வியூவுக்காக நியூயார்க் போனவன் சீக்கிரம் திரும்பிவிட்டான். நானும் மானஸாவும் கேம் முன்னால் உட்கார்ந்திருந்தோம். கோபிப்பான் என்று நினைத்தேன். சிரித்தான்.

"அம்மா, நீயுமா? இப்போ எனக்குப் பதிலா ரிவ்யூ எழுத ஆள் கிடைச்சாச்சு. உனக்கு எதுக்கும்மா இது?"

"உன் அப்பாவோட பேசறேன்டா. அன்னிக்கு இதுலதானே அம்பாள் உத்தரவு கொடுத்தா."

"என்னிக்கு?"

"ஆபரேஷன் வேண்டாம்னு வந்ததே, அன்னிக்கு."

"பேப்பர்ல பூக்கட்டிப் பாத்தோம்னு அப்பா சொன்னாரே."

"பூ ஏது வீட்டுல? இதுலதான் பாத்தோம். குழந்தை அமுக்கினா."

சிவா கோட்டைக் கழற்றவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். "எந்தப் பூ வந்தா வேண்டாம்னு வெச்சேள்?" என்றான். வெள்ளை என்றேன். "யார் வெச்சா, நீயா அப்பாவா?" என்றான். அப்பா என்றேன். அப்புறம் குழந்தையை மாடிக்குப் போகச் சொன்னான்.

"அம்மா, சிவப்புக்குத்தான் இதுல பெரிய பரிசு. அதனால அது அபூர்வமா வரும். வெள்ளை சும்மா ரொப்பறதுக்கு. அதைத்தான் நிறையப் போட்டிருக்கான். யார் அமுக்கினாலும் வெள்ளைதாம்மா முதல்ல வரும்."

"உன் அப்பாவுக்கு அது தெரியாதே."

அவன் அலமாரியிலிருந்து அவருடைய நீல நோட்டை எடுத்து வந்தான். எனக்கு அவர் எழுத்து நன்றாகத் தெரியும், பல்வரிசை மாதிரி இருக்கும். ஜனவரி 22 என்று தேதி. நூறு சுற்று, நடுக் கட்டம், வெள்ளை 61, சிவப்பு 4. அது சிவாவுக்காக எண்ணினது. பக்கத்தைத் திருப்பினான். ஜனவரி 30, காலை. அதற்குக் கீழே ஒரே வரி: இருபது தடவை பார்த்தது, முதலில் வந்த பூ வெள்ளை 19.

அது சிவாவுக்காக எண்ணினது இல்லை.

ஸ்வர்ணா, உன் டம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது. இந்தத் தடவை எனக்குப் பதில் வேண்டும்.

காமாக்ஷி

•

சுகர் லேண்ட்
3-7-2009

அக்கா,

உடம்பைப் பற்றிக் கேட்கவோ சொல்லவோ எனக்கு இப்போது யோக்யதை இல்லை. நேராக எழுதிவிடுகிறேன்.

அன்று காலை நீ குளிக்கப் போயிருந்தாய். காப்பி கொடுக்கப் போனேன். அத்திம்பேர் கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்து அமுக்குவதும் நோட்டில் கோடு போடுவதுமாக இருந்தார். என்ன அத்திம்பேர், காலங்கார்த்தாலேயே விளையாட்டா என்றேன். அவர் ஒளிக்கவில்லை. ஒருவேளை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்திருக்கும்.

"உங்க அக்கா நான் சொன்னாக் கேக்க மாட்டா ஸ்வர்ணா. அம்பாள் சொன்னாக் கேப்பா. அதான் அம்பாளுக்குச் சொல்லிக் கொடுத்துண்டிருக்கேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எனக்குப் புரியப் பத்து நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சண்டை போட்டேன். அதற்கு அவர் சொன்னது இது. "எனக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. கிரீன் கார்டுல வந்து மூணு வருஷந்தான் ஆச்சு, கவர்மெண்ட் கொடுக்காது. சிவா வீட்டை வித்துடுவான். நேத்திக்கே எவனோ வந்து அளந்து பாத்துட்டுப் போனான், நீங்க எல்லாரும் கோலப்பொடி வாங்கப் போயிருந்தேள். எழுபத்தெட்டு வயசு எனக்கு. வாசல்ல விக்கறதுக்குன்னு போர்டு நட்டிருக்கறதைப் பாத்துண்டே நான் எழுந்து நடக்கணுமா?"

உன்னிடம் நேரே சொல்லுங்கள் என்றேன். "அவ அழுவா. அழுதான்னா நான் சரின்னு சொல்லிடுவேன்" என்றார். மானஸா தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால்தான் எழுந்து போனேன். உன் முகத்தையும் அந்தக் குழந்தை விரலையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியவில்லை.

இப்போது சத்தியத்தை உடைத்துவிட்டேன். குழந்தைக்கு ஒன்றும் வரக்கூடாது என்று தினம் விளக்கேற்றுகிறேன். நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு. ஆனால் பதில் எழுது.

ஸ்வர்ணா

•

எடிசன்
28-8-2009

ஸ்வர்ணாவுக்கு அக்கா எழுதுவது.

நீ எட்டு தடவை போன் பண்ணினாய், நான் எடுக்கவில்லை. எண்ணினேன். மானஸாவுக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை, நன்றாக இருக்கிறாள். நீ பயப்பட வேண்டாம். சிவாவுக்கு பிஸ்கட்டவேயில் வேலை கிடைத்துவிட்டது, மருந்துக் கம்பெனியில். போன திங்கட்கிழமை சேர்ந்தான். வீடு இருக்கிறது.

வேலையில் சேர்வதற்கு முன்னால் மிச்சம் இருந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்து முடித்தான். லக்ஷ்மி கேம்தான் கடைசி. படம் நன்றாக இருக்கிறது, சத்தம் நன்றாக இருக்கிறது, பரிசு வருவது துர்லபம் என்றெல்லாம் இங்கிலீஷில் எழுதிவிட்டு, கடைசி வரிக்கு என்னிடம் வந்தான். "விளையாட லாயக்கா இல்லையான்னு ஒரு வரி எழுதணும்மா. எனக்கு வரலை. நீதானே ரொம்ப நாள் ஆடினே, சொல்லேன்."

"யாரையும் ஒண்ணும் கேக்க வேண்டாதவா விளையாடலாம்னு எழுது" என்றேன். அவன் அப்படியே எழுதினான். கம்பெனிக்காரனுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. அப்புறம் அதைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டான்.

எடுத்த பிறகுதான் வீடு காலியானது. மார்ச்சில் இல்லை.

ஜனவரி முப்பதிலிருந்து மார்ச் ஒன்பது வரை முப்பத்தெட்டு நாள். அந்த முப்பத்தெட்டு நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஒவ்வொரு நாளாகச் சொல்லுவேன். குணமாகிவிடுவார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஓக் ட்ரீ ரோடுக்குப் போய் அவருக்கு அடுத்த குளிருக்கு ஸ்வெட்டர் பார்த்தேன், இரண்டு நிறத்தில் எது நன்றாக இருக்கும் என்று கேட்டேன். நீலம் என்றார். உப்புப் போடாமல் சமைத்ததற்கு முகத்தைச் சுளித்தபோது, இன்னும் பத்து வருஷம் இப்படித்தான் என்று அதட்டினேன். சரி என்றார். ஒரு நாள் மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குக்கர் கத்துகிறது, விடுங்கோ என்று கையை உருவிக்கொண்டு போனேன். அது மாசி ஏகாதசி. அவர் எதற்காகப் பிடித்தார் என்று அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

தெரிந்திருந்தால் குக்கர் கத்திக்கொண்டு கிடக்கட்டும் என்று இருந்திருப்பேன்.

என்னிடம் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அது வாஸ்தவம். அழுதுவிட்டு வீட்டை விற்கச் சொல்லியிருப்பேனா, போய்வாருங்கள் என்று சொல்லியிருப்பேனா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணினவளிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டாமா? பேசுகிற அம்பாளை வைத்து வாயை அடைத்துவிட்டார். இப்போது சன்னிதியில் போய் நின்றால் எனக்கு அவள்மேலும் சந்தேகம் வருகிறது.

சிவாவின்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. பூர்ணிமாவின்மேல் ஒரு நூறு இருக்கிறது, அதெல்லாம் வேறு கணக்கு. உன்மேல் இருக்கிறது. ஆனால் உன் கையில் சத்தியத்தைக் கொடுத்துக் கட்டிப்போட்டிருந்தார், நீ என்ன செய்வாய். தீபாவளிக்கு வா. வந்து என் எதிரில் உட்கார். திட்ட ஆரம்பித்தால் எழுந்து போகாதே, அவ்வளவுதான்.

அவர் பேரை நான் இதுவரை வாயால் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோதுகூட பூர்ணிமாவைச் சொல்லச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். ஆயுசுக்குக் கேடு வரும் என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். இனிமேல் எந்த ஆயுசுக்கு?

எழுதுகிறேன், நன்றாகப் படித்துக்கொள். நான் மன்னிக்க மாட்டாத ஆள் ஒருத்தர்தான்.

பசுபதி.